வேப்பிலைக்கு இறங்கிய ஜீப்

தம்பி,

உன் தங்கச்சி ஊசி போட்டதால் சாகவில்லை. மற்றதை நீ படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரி உன் கண்ணில் பட்டுவிடட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு டவர் போய்விடுகிறது. போன வாரமும் அப்படித்தான். பாப்பாவுக்கு ஒன்பது மாசம் முடிந்துவிட்டதே, அம்மை ஊசி என்னாச்சு என்று நான் ஆரம்பித்ததும், "அப்பா, கெஸ்ட் வந்துட்டாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாய். அப்புறம் பேசவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "பேசுனா கட் பண்ணிருவான். எழுதிப் போடுங்க. தேனு கதையைப் பூராவும் எழுதுங்க" என்றாள். இத்தனை வருஷமாகச் செத்த மகளின் பெயரை வாயெடுத்துச் சொல்லாதவள் அவள். எழுது என்று அவளே சொன்ன பிறகு எனக்கு வேறு போக்கில்லை. படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட வேண்டாம். கைப்பிள்ளை வைத்திருக்கிற யார் கேட்டாலும் படிக்கக் கொடு. நம் வீட்டு மானம் போவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

நர்சம்மா உன் வீட்டுப் படி வரைக்கும் வந்ததும், "எங்க பிள்ளைக்கு வேணாம்க்கா, நாங்க இயற்கையா வளக்குறோம்" என்று நீ திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். இயற்கை என்கிற சொல் உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். கொடைக்கானல் பக்கம் பள்ளங்கிக்கு மேலே நிலம் வாங்கி, மண் சுவர் வைத்த வீடு கட்டி, அதில் தங்க வருகிறவர்களுக்குச் சிறுதானியக் கஞ்சி கொடுக்கிற சாரும் மேடமும் உன் முதலாளிகள். நல்ல மனுஷர்கள்தான். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "மேடம் வீட்டுப் பிள்ளைங்க ஒரு ஊசியும் போட்டதில்லப்பா, எப்படிக் கும்முனு இருக்காங்க பாத்தியா" என்று நீ ஒருமுறை என்னிடம் பெருமையாகச் சொன்னாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். போன சீசனில் அவர்கள் பையன் பேரிக்காய் மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டானே, அப்போது யார் இயற்கையை நம்பி உட்கார்ந்தார்கள்? காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பறந்தார்கள். ஓட்டியது நீதான். அந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை அம்மை வராததற்குக் காரணம் கஞ்சி இல்லை. சமையல்காரம்மாவின் பேரன், பால் கொண்டு வருகிறவர் மகள், பூண்டுக் காட்டில் களையெடுக்கிறவர்களின் பிள்ளைகள் என்று சுற்றியிருக்கிற அத்தனை பேரும் அழுது கத்தி ஊசி போட்டுக்கொண்டதால்தான் நோய் அந்த மண் சுவர் வரைக்கும் வந்து சேரவில்லை. கூலிக்காரன் பிள்ளை தொடையையும் தோளையும் கொடுத்து வேலி போடுகிறது. உள்ளே உட்கார்ந்துகொண்டு அவர்கள் இயற்கை என்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது வந்தாலும் கார் இருக்கிறது. உனக்கு அவர்கள் கொள்கை மட்டும்தான் இருக்கிறது, அவர்கள் கார் இல்லை.

ஆனால் மேடம் பேச்சு மட்டும் உன்னைத் தடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு ஆறு வயசில் ஒரு காட்சி மனசில் தங்கிவிட்டது. உயிரோடு ஜீப்பில் போன தங்கச்சி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் துணியில் சுற்றித் திரும்பி வந்தாள். நீ பார்த்தது பொய்யில்லை. அதற்கு முன்னால் நடந்ததை உனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்போது நாம் பாச்சலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருந்தோம். நான் எஸ்டேட் ஜீப் ஓட்டினேன். காப்பி மூட்டை, மலைவாழைத் தார், ஆரஞ்சு என்று சீசனுக்குத் தக்கபடி லோடு ஏற்றிக் கீழே இறங்குவேன். தேனுவுக்கு ஒன்பது மாசம் முடிந்தபோது காப்பிப் பழம் எடுக்கிற நேரம், உன் அம்மாவும் அந்தக் கூலி வேலையில் இருந்தாள். ஊசிக்குப் பாச்சலூர் வரை நடக்க வேண்டும். வேலை வாங்குகிற மேஸ்திரியிடம் லீவு கேட்டாள். "பிள்ளை நல்லாத்தான இருக்கு? நோவு வந்தா கேளு, தர்றேன்" என்றார் அவர். இன்னொரு வாரம் விடாமல் கெஞ்சி லீவு வாங்கி அவள் நடந்துபோனபோது, மழையில் பாதை அறுந்து நர்ஸ் மலைக்கு வரவே இல்லை. பிறகு மறந்துபோனோம். அதே வருஷம் எஸ்டேட் முதலாளியின் பிள்ளைகளை ஊசி போடக் கொடைக்கானலுக்கு ஜீப்பில் கூட்டிப்போனவன் நான். பின் சீட்டில் இடம் இருந்தது. என் மகளையும் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றக்கூட இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது தோன்றாதபடி வைத்திருந்தார்கள், நாமும் அப்படியே இருந்தோம்.

அவளுக்கு ஒன்றரை வயசு ஆனபோது லைனில் நாலைந்து பிள்ளைகள் ஒரே சமயத்தில் படுத்தன. தேனுவுக்கு முதலில் காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல். கண் இரண்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தை உன் அம்மா தோளில் புதைத்துக்கொண்டாள். சளி என்று நினைத்தோம். பிறகு காதுக்குப் பின்னால் தடிப்பு தொடங்கி, முகத்தில் படர்ந்து, நெஞ்சு, வயிறு, கால் என்று இறங்கியது. மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும், அதனால்தான் அதை மணல்வாரி என்கிறோம். படித்தவர்கள் தட்டம்மை என்பார்கள். என் அக்கா, உன் பெரியத்தை, பிள்ளையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்துட்டா" என்றாள். அதோடு வீட்டின் சட்டம் மாறியது. தாளிக்கக் கூடாது. மாத்திரை மருந்து ஆகாது. பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கக் கூடாது. வெளியே போய் வருகிறவன் உள்ளே கால் வைக்கக் கூடாது. நான் ஜீப்காரன், பல ஊர்க் காற்றுப் பட்டவன். எனவே பிள்ளைக்கு மூன்று தண்ணி ஊற்றி முடிக்கிற வரை என்னை ஜீப் ஷெட்டில் இருக்கச் சொன்னார்கள். சாப்பாடு வாசற்படிக்கு வெளியே வரும். மகளை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. நாம் இருந்த உயரத்தில் வேம்பு வளராது, குளிருக்கு நிற்காது. ஆனால் அம்மை போட்ட வீட்டுக்கு வேப்பிலை இல்லாமல் முடியாது. வாசலில் கட்ட வேண்டும், படுக்கையில் பரப்ப வேண்டும், அரிக்கிற இடத்தில் தடவிக்கொடுக்க வேண்டும், ஊற்றுகிற தண்ணியில் போட வேண்டும். லைன் முழுவதற்கும் வேப்பிலை கொண்டுவரக்கூடியவன் ஜீப் வைத்திருந்த நான் ஒருவன்தான். முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார், "லைன்ல அம்மை போட்டிருக்காம்ல, லோடு எறக்கிட்டு வரும்போது வேப்பிலை நெறையக் கொண்டாந்து குடு." டாக்டரை ஏற்றி வா என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் கீழே போய், அரசு ஆஸ்பத்திரி காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்ற வேப்பமரத்தில் ஒடித்தேன். அங்கேதான் கிளை தாழ்வாக இருந்தது, பானெட் மேல் ஏறி நின்றால் எட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சீட்டு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"அண்ணே, யாருக்கு அம்மை?"

"எம் மகளுக்கு."

"இங்க கூட்டிட்டு வரலியா?"

"ஆத்தாளையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்றியா? நல்லாக் கேட்ட போ" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் ஒடித்த கிளைகளை ஜீப் கொள்ளுமட்டும் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். ஊரே என்னை மெச்சியது. வேப்பிலைக்காக அந்த ஜீப் எத்தனை முறை இறங்கியது என்பது எனக்கே தெரியாது. பிள்ளைக்காக இறங்கவில்லை.

முதல் தண்ணி ஊற்றினார்கள். தடிப்பு கறுத்து உதிர ஆரம்பித்தது. ஆத்தா இறங்குகிறாள் என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் இருமல் குறையவில்லை. அடுத்த தண்ணிக்குப் பிறகு நான் படிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிக் களைத்த நாய்க்குட்டி இளைக்கிற மாதிரி, நிற்காமல், வெரசா வெரசா வரும் மூச்சு. சோற்றில் கை வைத்தபடியே கேட்டேன்.

"என்ன சத்தம் அது?"

"மூச்சு வாங்குதுங்க. பால் குடிக்க மாட்டேங்குறா" என்றாள் உன் அம்மா.

அக்கா கதவிடுக்கில் வந்து நின்றாள். "மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் அப்படித்தான்டா கெடக்கும். ஆத்தா கெளம்புற நேரம். வாசல்ல உக்காந்துக்கிட்டுக் கேள்வி கேக்காத, போய் உன் சோலியப் பாரு."

போய்ச் சோலியைப் பார்த்தேன். மூன்றாம் தண்ணிக்குப் பச்சை வேப்பிலை வேண்டுமல்லவா, அதற்காக மறுபடியும் கீழே இறங்கினேன். இலையோடு திரும்பி வந்தபோது உன் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே, வெட்டவெளியில் நின்றுகொண்டிருந்தாள். நீ அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"வண்டிய எடுங்க" என்றாள்.

"அடியே, பாதியில தூக்குனா ஆத்தா கோவிச்சுக்குவாடி" என்று அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"கோவிச்சா என்னையக் கொண்டுக்கிட்டுப் போகட்டும்" என்றாள் உன் அம்மா. அவள் என் அக்காவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். வேப்பிலையை இறக்கக்கூட நேரமில்லை. உன்னைப் பின்னால் அந்த இலைக் கட்டின் மேலேயே உட்கார வைத்து மலையிறங்கினேன். நான் இலை ஒடித்த அந்த வேப்பமரத்தடியைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரி வாசல். டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இத்தனை நாளா என்னய்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ரெண்டு பக்கமும் நிமோனியா கட்டிக் கெடக்கு." மூக்கில் குழாய் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். நீ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

திரும்பி வந்ததும் என் அக்கா வாசலில் விழுந்து அழுதாள். "ஊசி போட்டீங்களே, அதான் ஆத்தா வெட்டிட்டா" என்றாள். லைனில் எல்லாரும் அதையே சொன்னார்கள். மேஸ்திரி சொன்னார், முதலாளிகூட வந்து நின்று ஆமோதிக்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார். நானும் மறுத்துப் பேசவில்லை. ஊசிதான் காரணம் என்று சொன்னதால் லீவு கொடுக்காதவர் தப்பித்தார், பாதை போடாத சர்க்கார் தப்பித்தது, பின் சீட்டில் இடம் வைத்திருந்த முதலாளி தப்பித்தார், வேப்பிலை சுமந்த நானும் தப்பித்தேன். எங்கள் எல்லாருக்கும் வசதியாக இருந்த பொய் அது. அந்தப் பொய்யைக் கேட்டு வளர்ந்தவன் நீ. இப்போது அது உன் மகள் கைக்கு நேராக வந்து நிற்கிறது.

அந்த மூச்சு என்னை விட்டுப் போகவில்லை. முதல் கியரில் ஜீப் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது இஞ்சினுக்குள்ளே அது கேட்கும். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டால், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்கும். ஜீப்பில் ஏறுகிற கைப்பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, வயிறு எப்படி ஏறி இறங்குகிறது என்றுதான் பார்ப்பேன். போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவின் சட்டையை விலக்கி நான் குனிந்து பார்த்ததை நீ பார்த்துவிட்டாய். "என்னப்பா தேடுற?" என்றாய். "கொசு" என்றேன். அந்தக் குளிரில் ஏது கொசு. உன் அம்மாவுக்கு வேப்பிலை வாசனையே ஆகாது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவள் ஏன் வருவதில்லை என்று நீ கேட்டிருக்கிறாய். சாமி மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இலை வாசனை வந்தால் அவளுக்கு மடி கனக்கிறதாம்.

நீ ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், இதுவரை கேட்டதில்லை. தேனுவோடு ஒரே பாயில் படுத்தவன் நீ. அவள் எச்சில் பட்ட டம்ளரில் தண்ணி குடித்தவன். காற்றில் பரவுகிற நோய், உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறைக்குள் அடைத்து வைத்திருந்தோம். உனக்கு ஏன் வரவில்லை? உன்னை உன் அம்மா அவள் பிறந்த வீட்டில், கன்னிவாடியில் பெற்றாள். ஒரு வருஷம் அங்கேயே இருந்தாள். ஒன்பது மாசம் முடிந்ததும் அங்கே உனக்கு அம்மை ஊசி போட்டார்கள். கன்னிவாடி கீழே இருக்கிறது, நர்ஸ் தெருவுக்கே வந்தார். தேனு மேலே பிறந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அந்த மலை மட்டும்தான். ஊசியை நீ வெறுக்கலாம், ஆனால் அதை வெறுப்பதற்கு நீ உயிரோடு இருப்பதே அது போட்டதால்தான்.

மேடம் இயற்கை என்கிறார். என் அக்கா ஆத்தா என்றாள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றேதான்: தொடாதே, வந்தது தானாகப் போகும். பல பிள்ளைகளுக்குத் தானாகத்தான் போகிறது, அதை மறைக்கவில்லை. அந்த வருஷம் லைனில் படுத்த மற்றப் பிள்ளைகள் எழுந்துவிட்டன, அதில் ஒன்றுக்குக் காது மட்டும் சீழ் வடிந்து மந்தமாகிப் போனது. எந்தப் பிள்ளை எழும், எந்தப் பிள்ளை எழாது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதற்குத்தான் ஊசி. ஒன்பது மாசம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயசை ஒட்டி இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

உன் மனைவி பிரியாவிடமும் இதைப் படித்துக் காட்டு. எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சலோடு கண் சிவந்து, காதுக்குப் பின்னாலிருந்து தடிப்பு இறங்கினால், அன்றைக்கே நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ காட்டச் சொல்லுங்கள். வேப்பிலை கட்டுகிறவர்களைத் தடுக்க வேண்டாம், கட்டிவிட்டுக் கூட்டிப்போகட்டும். போகும் முன் போனில் சொல்லிவிட்டால் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்காமல் தனியாகப் பார்ப்பார்கள். தடிப்பு வந்து நாலைந்து நாளாவது மற்றப் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, கஞ்சியும் தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்தியம் என்று வயிற்றைக் காயப்போடக் கூடாது. கண்ணைக் காப்பாற்ற வைட்டமின் ஏ மருந்து கொடுப்பார்கள், நாமாக வாங்கி ஊற்றக் கூடாது. தடிப்பு மறைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அம்மை உடம்பின் காவலை உடைத்துவிட்டுப் போகிறது, அந்த ஓட்டை வழியாக வேறு நோய் நெஞ்சுக்குள் ஏறுகிறது. மூச்சு வேகமானாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, யார் என்ன தண்ணி ஊற்றச் சொன்னாலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். நேற்று பிரியா எனக்குப் பேசினாள். "மாமா, புதன்கிழமை ஊசி நாளு. அன்னைக்கு அவரு கெஸ்ட்டுகளோட ட்ரெக்கிங் போறாரு. நான் பாப்பாவைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்துர்றேன். அவர்கிட்டச் சொல்லிறாதீங்க" என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பிள்ளை பிழைத்தால் போதும், யாரிடம் எதை மறைத்தால் என்ன. பிறகு வேண்டாம் என்றேன். இந்த ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும், இலேசாகத் தடிப்புகூட வரும், தானாக அடங்கிவிடும். பாப்பாவுக்கு அப்படி வந்து, ஒளித்துப் போட்ட ஊசி அப்போது உனக்குத் தெரிய வந்தால், நீ பார்த்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டிலைத்தான் மறுபடி பார்ப்பாய். இரண்டாவது ஊசிக்கு யாரையும் வாசலில் விடமாட்டாய். நம் வீட்டில் ஒரு பொய் இத்தனை வருஷம் இருந்தது போதும்.

அதனால் உனக்குச் சொல்லிவிட்டே செய்கிறோம். புதன்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் நானும் உன் அம்மாவும் வருகிறோம். பிள்ளையைப் பெற்றவள் சம்மதித்துவிட்டாள். நீ கத்தினாலும், என்னோடு பேச்சை முறித்தாலும், நாங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடப்போம். ட்ரெக்கிங்குக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லி சாரிடம் கேள். பின் சீட்டில் இடம் கேட்கத் தோன்றாமல் இருந்தவன் மகன் நீ, இந்த ஒரு நாள் லீவு கேள்.

ஊசி போடும்போது பிள்ளையை ஒருவர் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், கையை அசைக்க விடக் கூடாது. பிரியாவுக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமாம். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஸ்டீயரிங்கைத் தொட்டே மாசக்கணக்காகிறது. உன் அம்மா அந்த அறைக்குள் வர மாட்டாள், வாசலோடு நின்றுவிடுவாள். பிடிக்க நீதான் இருக்கிறாய்.